புரியாத பாட்டைக் கேட்கும் விதம்: பாலக்காட்டு எல்லைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்துக்குக் கல்யாணம் கட்டியோ வேலை மாற்றலாகியோ வந்து சேர்கிற தமிழர்களுக்குப் பேச்சில் பெரிய சிரமம் இருக்காது. மளிகைக் கடையில் தமிழ். டீக்கடையில் தமிழ். அலுவலகத்தில் தமிழில் கேட்டால் மலையாளத்தில் பதில் வரும், காரியம் நடந்துவிடும். சிரமம் பாட்டில்தான். கோயில் ஒலிபெருக்கி, கல்யாண மண்டபம், பாலக்காடு போகும் பேருந்து, பக்கத்து வீட்டு வானொலி எல்லாம் வேறு மொழியில் பாடிக்கொண்டிருக்கும். சுற்றியிருப்பவர்கள் தலையாட்டுவார்கள். நாம் மட்டும் கைபேசியை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

மலையாளம் கற்றுக்கொள்வது எப்படி என்று இங்கே சொல்லப்போவதில்லை. அதைக் கண்டக்டரும் மீன்காரரும் தினமும் சொல்லித் தருவார்கள். மொழி வருவதற்கு முன்பே, வராமலே போனாலும்கூட, பாட்டை எப்படிக் கேட்பது என்பதுதான் விஷயம்.

"இசைக்கு மொழி ஏது?" என்று மேடைகளில் பேசுவார்கள். அதை நம்பாதீர்கள். பாட்டுக்கு மொழி உண்டு. எழுதியவர் சொல் சொல்லாகப் பொறுக்கித்தான் வைத்திருக்கிறார். சொல் தெரியாதவருக்கு ஏதோ ஒன்று நழுவத்தான் செய்கிறது. ஆனால் மிச்சமிருப்பதே ஏராளம். அதைப் பெறுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது: முதலில் தாளம், அப்புறம் திரும்பத் திரும்ப வரும் வரி, அப்புறம் யார் யாரிடம் பாடுகிறார் என்பது, கடைசியில்தான் அர்த்தம். பெரும்பாலானவர்கள் கடைசியில் ஆரம்பிக்கிறார்கள். அதனால்தான் இரண்டாவது பாட்டிலேயே அலுத்துப்போகிறது.

கூச்சமும் வேண்டாம். கோயில் நடையில் பாடப்படும் அஷ்டபதி 12-ஆம் நூற்றாண்டு ஜயதேவரின் சமஸ்கிருதம். பாலக்காட்டு அக்கிரகாரமான கல்பாத்தியின் கச்சேரியில் தியாகராஜரின் தெலுங்கு. உங்கள் பக்கத்தில் கண்மூடி உட்கார்ந்திருப்பவருக்கும் பாதி புரிந்திருந்தால் அதிகம்.

படி 1: சொல்லே இல்லாத இடத்தில் தொடங்குங்கள்

தமிழ்க் காதுக்கு மலையாளத்தில் ஒரு தனித் தொல்லை உண்டு. சுத்தமாகப் புரியாத மொழி என்றால் காது சும்மா இருக்கும். மலையாளம் பாதி புரிந்து தொலைக்கும். மூன்று சொல்லுக்கு ஒன்று தெரிந்த முகமாக வந்து நிற்கும். உடனே மனசு மற்ற இரண்டையும் தேடிக் கிளம்பும். தேடித் திரும்புவதற்குள் அடுத்த வரி போயிருக்கும். இந்தப் பழக்கத்தை முதலில் உடைக்க வேண்டும். அதற்கு மேளத்தை விட நல்ல மருந்து இல்லை.

தை பிறந்ததிலிருந்து சித்திரை வரை இந்தப் பக்கம் பூரம், வேலா என்று கோயில் திருவிழாக்கள்தான். பஞ்சாரி மேளம் எங்கேயாவது நடக்கிறது என்று காதில் விழுந்தால் போய்விடுங்கள். செண்டை மேளம், இலத்தாளம் என்னும் கைத்தாளம், கொம்பு, குழல். ஒருவர் வாயிலும் ஒரு சொல் கிடையாது. பஞ்சாரிக்கு ஐந்து காலம், அதாவது ஐந்து வேகக் கட்டம். முதல் காலத்தில் ஒரு தாளவட்டத்துக்கு 96 அட்சரம் (தாள எண்ணிக்கை), அடுத்து 48, அப்புறம் 24, 12, கடைசியில் 6. வட்டம் பாதி பாதியாகச் சுருங்கச் சுருங்க வேகம் ஏறுகிறது. மணிக்கணக்கில் போகும்.

எண்ண முயலாதீர்கள், தலைவலிதான் மிஞ்சும். எதிரில் நிற்கும் வயசாளிகளின் கையைப் பாருங்கள். அவர்கள் காற்றில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கை எழும்போது நம் கையையும் எழுப்பிப் பார்க்க வேண்டும். முதல் காலத்தில் தவறிக்கொண்டே இருக்கும். மூன்றாம் காலத்துக்கு வரும்போது உடம்பு பிடித்துக்கொள்ளும். அதுவே போதும். தண்ணீர் பாட்டில் கொண்டுபோங்கள், யானைக்குத் தள்ளி நில்லுங்கள், கைக்குழந்தையோடு செண்டைக்கு நேர் முன்னால் போய் நிற்காதீர்கள்.

சித்தூர் பகவதி கோயிலில் மாசி மாதம், அவர்கள் கணக்கில் கும்பம், கொங்கன் படை என்று ஒரு விழா. படையெடுத்து வந்த கொங்குச் சேனையைப் பகவதி துணையோடு விரட்டியதன் நினைவாக நடப்பது. பொள்ளாச்சியிலிருந்தும் உடுமலையிலிருந்தும் வந்த நம்மாட்கள் அந்தக் கூட்டத்தில் நின்று மேளத்துக்குக் கை உயர்த்துவதைப் பார்க்க எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். தோற்ற கட்சிக்காரர் என்று யாரும் தள்ளி நிற்கச் சொல்வதில்லை.

படி 2: ஒரே பாட்டு, மெதுவான பாட்டு

அடுத்தது சொல் உள்ள பாட்டு. ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு கொஞ்ச நாள் அதோடு மட்டும் இருங்கள். நூறு பாட்டுகளின் பட்டியலைத் தயார் செய்து ஓட விடுவது இந்தக் கட்டத்தில் ஆகாது.

என் சிபாரிசு 'ஓமனத்திங்கள் கிடாவோ' தாலாட்டு. இரயிம்மன் தம்பி (1782–1856) எழுதியது. 1813-ல் பிறந்த சுவாதித் திருநாளைத் தொட்டிலில் இட்டுத் தாலாட்டுவதற்காக. பின்னால் திருவிதாங்கூரை ஆண்டு, தானே பல மொழிகளில் கீர்த்தனைகள் எழுதிய அதே சுவாதித் திருநாள்தான். தாலாட்டு என்பதால் வேகம் இல்லை. நவரோஜிலும் நீலாம்பரியிலும் பாடுவார்கள். நீலாம்பரி நமக்கும் தூங்கவைக்கும் ராகம்தான். அமைப்பும் எளிது. குழந்தையைப் பார்த்து இதுவோ, அதுவோ என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே போகும் வரிகள். வரிக்கு வரி கடைசியில் அதே ஓசை வந்து விழும்.

கேட்கும்போது காது எங்கே இருக்க வேண்டும்? முதல் முறை வரிகளின் முடிவில் மட்டும். எங்கே மூச்சு வாங்குகிறார், எங்கே இழுக்கிறார். இரண்டாம் முறை எந்த வரியில் குரல் மேலே போகிறது என்று மட்டும். மூன்றாம் முறை கூடவே முணுமுணுங்கள். சொல் வராவிட்டால் 'ம்' போட்டு. பாட்டின் கோடு உங்கள் தொண்டைக்குள் வந்துவிட்டால், பிற்பாடு சொற்கள் தாமாகவே வந்து அதில் உட்காரும். சமைத்துக்கொண்டே கேட்கலாமா என்று கேட்பார்கள். பிறகு கேட்கலாம். முதல் சில முறை வேண்டாம்.

படி 3: ஒரே சொல், இரண்டு ராகம்

நான் சொல்லும் பயிற்சிகளில் மிகப் பிடித்தது இது. அதே இரயிம்மன் தம்பி எழுதிய 'கருண செய்வான் எந்து தாமசம் கிருஷ்ணா'. அருள் செய்ய ஏன் இந்தத் தாமதம் என்று குருவாயூரப்பனிடம் கேட்கிற பாட்டு. மூலத்தில் இது ஸ்ரீ ராகம். செம்பை வைத்தியநாத பாகவதர் யதுகுலகாம்போதியில் பாடிப் பாடி, இன்று பலருக்கும் அந்த வடிவம்தான் தெரியும். செம்பை பாலக்காட்டுக்காரர், கோட்டாயிப் பக்கத்துச் செம்பை கிராமம். 1974-ல் மறைந்தார். குருவாயூரில் ஏகாதசியை ஒட்டி நடக்கும் சங்கீத உற்சவம் இன்றும் அவர் பெயரில்தான்.

யூடியூபில் இரண்டு வடிவமும் கிடைக்கும். ஒரே மாலையில் இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். சொல் மாறவில்லை, கேட்கப்படுகிறவரும் மாறவில்லை. ஆனால் யதுகுலகாம்போதியில் பாடும்போது கேட்கிறவர் உரிமையோடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருக்கும். ஸ்ரீயில் கொஞ்சம் தள்ளி எழுந்து நிற்பது போல. எனக்கு அப்படி. உங்களுக்கு வேறு மாதிரித் தோன்றலாம், தோன்றட்டும். தோன்றுகிற அந்த வித்தியாசம் முழுக்க ராகத்தின் வேலை, மொழி தெரியாத உங்களுக்கும் அது வந்து சேர்ந்துவிட்டது என்பதைக் கவனித்தால் போதும்.

இதைத் திருப்பிப் போட்டும் செய்யலாம்: ஒரே மெட்டு, இரண்டு மொழி. தமிழில் மனப்பாடமாகத் தெரிந்த சினிமாப் பாட்டு ஒன்றின் தெலுங்கு அல்லது மலையாள வடிவத்தைத் தேடிக் கேளுங்கள். 1992-ல் வந்த 'ரோஜா' பாட்டுகள் பல மொழிகளில் உண்டு. கேட்ட உடனே சிரிப்பு வரும், 'நம்மது மாதிரி இல்லை' என்று தோன்றும். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை விடாமல் கேட்டால், எந்த மொழியில் மெட்டு சௌகரியமாக உட்காருகிறது, எங்கே சொல்லை அமுக்கித் திணித்திருக்கிறார்கள் என்று காதே சொல்லும்.

படி 4: என்ன அர்த்தம் என்று கேட்காதீர்கள், யார் பேசுகிறார் என்று கேளுங்கள்

கதகளி என்றாலே நம் ஆட்கள் ஓடுகிறார்கள். ராத்திரி முழுக்க, பேச்சே இல்லாமல், பச்சை முகத்தோடு கண்ணை உருட்டுவது என்று நினைப்பு. உண்மையில் மொழி தெரியாத இசை ரசிகனுக்கு இவ்வளவு வசதியான கலை வேறு கிடையாது. காரணம், ஒவ்வொரு வரியும் திரும்பத் திரும்பப் பாடப்படுகிறது. நடிகர் அந்த வரியைக் கைமுத்திரையால் விரித்துக் காட்டி முடிக்கும்வரை பாடகர்கள் அதை விடமாட்டார்கள்.

பாடுகிறவர்கள் இரண்டு பேர், நடிகருக்குப் பின்னால் நின்றபடி. முன்பாடகர் பொன்னானி, கையில் சேகண்டி போன்ற சேங்கிலை. பின்பாடகர் சிங்கிடி, கையில் இலத்தாளம். பொன்னானி ஒரு வரி பாட, சிங்கிடி வாங்கிப் பாடுவார். வாங்கும்போது கொஞ்சம் மாற்றிப் பாடுவார், முன்னவர் அதற்குப் பதில் கொடுப்பார். சில ராத்திரிகளில் முன்னால் ஆட்டம், பின்னால் இவர்கள் இருவருக்குள் தனியாக ஒரு பேச்சுவார்த்தை நடக்கும். பாடி, புறநீர என்று நம் கச்சேரி மேடையில் அதிகம் காதில் விழாத ராகங்களையும் இங்கே கேட்கலாம்.

முக்கியமான விதி இதுதான்: யாருடைய கை அசைகிறதோ, அவருடைய பேச்சுதான் அப்போது பாடப்படுகிறது. இதைத் தெரிந்துகொண்டால் பாதி கதகளி உங்கள் கையில். பதம் என்னும் பாட்டுக்கு முன்னால் வரும் சுலோகம் கதை சொல்கிறவரின் பேச்சு, பெரும்பாலும் சமஸ்கிருதம். அப்போது திரை பிடித்திருப்பார்கள், அல்லது நடிகர் பாட்டுக்கு முத்திரை காட்டாமல் இருப்பார். பதம் தொடங்கியதும் அது பாத்திரத்தின் வாய்ப்பேச்சு, மலையாளத்தில். நடுநடுவே பாட்டு நின்று வெறும் ஆட்டமாக ஒரு துண்டு வரும், அது கலாசம். மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

எந்தக் கதையில் தொடங்குவது? நளசரிதம். உண்ணாயி வாரியர் 18-ஆம் நூற்றாண்டில் எழுதியது, நான்கு நாள் ஆட்டமாகப் பிரித்தது. நமக்கோ புகழேந்தியின் நளவெண்பா புண்ணியத்தில் அன்னமும் தூதும் சுயம்வரமும் சூதும் காட்டில் விட்டுப் பிரிவதும் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். முதல் நாள் கதையில் அன்னம் தமயந்தியோடு பேசும் இடத்தைப் பாருங்கள். அங்கே என்ன பேசியிருப்பார்கள் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாட்டு அதை எப்படிப் பேசுகிறது என்று கேட்பது மட்டும்தான் வேலை. இரண்டாம் நாள் கதையில் நளன் தூங்கும் மனைவியை விட்டுப் போகிற இடம். அதற்கு மொழிபெயர்ப்பு கேட்கிறவர் மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.

போவதற்கு முன்னால் அன்றைய கதை எது என்று விசாரித்து, தமிழில் அந்தக் கதையை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். பெரிய குத்துவிளக்கு எரியும் இடத்துக்கு நேராக, முன்வரிசையில் தரையில் உட்காருங்கள். தெரியாத இடம் வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம், "சேட்டா, இப்ப பேசறது ஆரு? ஆருகிட்டப் பேசறாங்க?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சந்தோஷமாகச் சொல்வார். "அதுக்கு அர்த்தம் என்னங்க?" என்று கேட்டால் விளக்கம் பத்து நிமிஷம் போகும், அதற்குள் நாலு வரி ஓடிவிடும், பின்வரிசையும் முறைக்கும். முழு ராத்திரி முடியாதென்றால் நடுவில் எழுந்து வரலாம், யாரும் தப்பாக எடுப்பதில்லை. வீட்டில் கேட்டுப் பழக வேண்டுமானால் கதகளிப் பாடகர்கள் கலாமண்டலம் ஹைதராலி, கலாமண்டலம் சங்கரன் எம்பிராந்திரி இருவரின் பதங்களில் தொடங்கலாம். பாலக்காட்டிலிருந்து ரயிலில் ஷொர்ணூர் போய், அங்கிருந்து பாரதப்புழையைத் தாண்டினால் செறுதுருத்தி. கவிஞர் வள்ளத்தோள் முன்னின்று 1930-ல் தொடங்கிய கலைப்பள்ளியான கலாமண்டலம் அங்கேதான். பிள்ளைகள் பாடம் படிப்பதைக் கேட்பதே ஒரு கச்சேரி.

இந்தக் 'யார் யாரிடம்' விதி கதகளிக்கு மட்டுமல்ல. எந்த மொழிப் பாட்டுக்கும் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். தாய் குழந்தைக்கா, பக்தன் சாமிக்கா, சண்டை போட்ட புருஷனுக்கா. ஒரு வரித் தகவல்தான். அகராதி தரும் அர்த்தத்தை விட இது அதிகம் திறந்துவிடும்.

படி 5: கோயில் நடையில்

சோபான சங்கீதம். கருவறைக்கு ஏறும் படிக்கட்டுதான் சோபானம். அதன் பக்கத்தில் நின்று பாடுவது. பூஜைக்காக நடை அடைத்திருக்கும் நேரத்தில் பாடுவார்கள். கூட ஒலிப்பது இடைக்கை. தோளில் தொங்கும், ஒரு கோலால் அடிப்பார்கள், கயிற்றை இழுத்தும் தளர்த்தியும் சுருதியை ஏற்றி இறக்குவார்கள். தோல்வாத்தியமாக இருந்தும் ராகம் பேசும். பாடகரின் குரல் போன வழியே இடைக்கை போகும். ஆகவே சொல் தெரியாதவர் பாடகரை விட்டுவிட்டு இடைக்கையைப் பிடித்துக்கொள்ளலாம். குரலில் அதிகம் வளைவு நெளிவு இருக்காது, நீட்டி நிறுத்திப் பாடுவார்கள். முதலில் சப்பென்று இருக்கும். ஞெரளத்து ராமப் பொதுவாளின் பழைய பதிவுகளைக் கேட்டால் அந்த எண்ணம் போய்விடும்.

ஆண்கள் பல கோயில்களில் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். வேட்டி கட்டிப் போவது நல்லது. இந்து அல்லாதவர்களை உள்ளே விடாத கோயில்கள் நிறைய. முன்கூட்டியே விசாரியுங்கள்.

படி 6: நோட்டும் பேனாவும்

இப்போதுதான் சொல்லுக்கு வருகிறோம். கேட்டுக் கேட்டு ஊறிப்போன அந்த முதல் பாட்டை எடுங்கள். இணையத்தில் வரிகளைத் தேடாதீர்கள். காதில் விழுவதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுங்கள். தப்பாகத்தான் வரும், வரட்டும். ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுங்கள், திருத்த இடம் வேண்டும். அழுத்தி ஒலிக்கும் ககரம், பகரத்துக்கு அடியில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டால் பிறகு பாடும்போது உதவும். நம் எழுத்தில் அந்த வேறுபாடு இல்லை அல்லவா. யூடியூபில் வேகத்தை முக்காலாகக் குறைக்கும் வசதியை இங்கே பயன்படுத்தலாம்.

பிறகு மலையாளம் தெரிந்த ஒருவரை உட்கார வைத்துத் திருத்துங்கள். அக்கம்பக்கத்துச் சேச்சிமார் இதற்கு மிகவும் உகந்தவர்கள். பாட்டைத் திருத்த வந்தவர் முழுப்பாட்டையும் பாடிக் காட்டிவிட்டுத்தான் போவார். கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியிடம் பாட்டைக் கொடுக்காதீர்கள். மின்சாரக் கட்டண நோட்டீசைப் படிக்க அது உதவும்; பாட்டைக் கொடுத்தால் எலும்பை எண்ணித் தரும். அவசியமானால் ஒரு தனிச் சொல்லுக்கு மட்டும் கேளுங்கள்.

இப்படிப் பாடிய பெரியவர்கள் உண்டு. ஆந்திரத்தில் பிறந்த எஸ். ஜானகி 1980-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதை ஒரு மலையாளப் படப் பாட்டுக்காகத்தான் வாங்கினார். 1965-ல் வந்த 'செம்மீன்' படத்துக்கு இசையமைத்த சலீல் சௌத்ரியும் வங்காளி, அதில் பாடிய மன்னா டேயும் வங்காளி. பாடியவருக்கே அது தாய்மொழி இல்லை, நமக்கென்ன வெட்கம்.

சினிமாப் பாட்டைப் பற்றி இங்கே அதிகம் சொல்லவில்லை. பேருந்தில் ஏறினால் அது தானாக வரும். ஒன்று மட்டும்: இந்த மண்ணிலிருந்து பாட்டு இரு பக்கமும் போயிருக்கிறது. எம்.எஸ். விஸ்வநாதன் பிறந்தது எலப்புள்ளியில், 1928-ல். பி. லீலா சித்தூர்க்காரர். சுவர்ணலதாவும் சித்தூர்ப் பக்கம்தான். தமிழ்நாடே தன்னுடையது என்று நினைக்கிற குரல்கள்.

ஒரு ஆட்சேபம்

"தமிழில் இல்லாத பாட்டா? அதெல்லாம் புரியாமல் தலையாட்டும் வேலை" என்று சொல்கிற மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். அவரை லேசாகத் தள்ளிவிடாதீர்கள். கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டைக் கடைசியில் துக்கடாவாகத் தள்ளிவைத்த காலம் இருந்தது. பாரதியார் அதை எதிர்த்து எழுதினார். 1940-களில் அது இயக்கமாகி, 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் வந்தது. அந்தக் கோபம் நியாயமானது. தன் மொழியில் பாட்டு வேண்டும் என்று கேட்பது உரிமை. ஆனால் அது மேடைக்கு யார் ஏறுவது என்ற வழக்கு. உங்கள் காதுக்குள் யார் வரலாம் என்பதற்கு அந்தத் தீர்ப்பைக் கொண்டுவர வேண்டியதில்லை.

மாமாவைத் தோல்பாவைக் கூத்துக்கு அழைத்துப்போங்கள். பாலக்காட்டு ஜில்லாவில், பாரதப்புழைக் கரையோரம், பகவதி கோயில்களுக்கு வெளியே கூத்துமாடம் என்று ஒரு நீண்ட மேடை இருக்கும். வெள்ளைத் துணிக்குப் பின்னால் தேங்காய்த் தொட்டிகளில் வரிசையாக 21 விளக்கு. தோலில் வெட்டிய பாவைகள் நிழலாக ஆடும். பாவையாட்டும் புலவர்கள் பாடுவது கம்பராமாயணம். தமிழ் விருத்தம், அசல் கம்பன். அதற்கு அவர்கள் சொல்லும் விளக்கம் தமிழும் மலையாளமும் கலந்த ஒரு பேச்சு. ராம ராவண யுத்தம் நடந்தபோது பத்ரகாளி தாரிகன் என்ற அசுரனோடு போரில் இருந்ததால் அதைப் பார்க்கவில்லை, அதனால் அவளுக்காக ஆண்டுதோறும் நடத்திக் காட்டுகிறோம் என்பது ஐதீகம். மனிதர் யாரும் இல்லாவிட்டாலும் கூத்து நடக்கும். பார்க்க வேண்டியவள் பார்க்கிறாள்.

அங்கே உட்கார்ந்திருக்கும் மலையாளிப் பாட்டிகளைக் கவனியுங்கள். இப்போது நிலைமை தலைகீழ்: உங்களுக்குச் சொல் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. ஆனால் விருத்தத்தின் இழுப்பும் நிறுத்தமும் அவர்களுக்குத் தெரியும். எப்போது கும்பகர்ணன் விழுவான் என்று தெரியும். பாட்டு முடியும் இடத்தில் சரியாக ஒரு பெருமூச்சு வரும். கம்பனை உரையோடு படித்த நாம் அந்தப் பெருமூச்சை விட்டிருக்க மாட்டோம்.

படி 7: கல்பாத்தி

மேலே சொன்ன எல்லாவற்றையும் பழகிப் பார்க்க ஏற்ற இடம் கல்பாத்தி. நவம்பரில் விசுவநாத சுவாமி கோயில் தேரை ஒட்டி அக்கிரகாரத்தில் சங்கீத உற்சவம். வீட்டுக்குள் தமிழ், வீதியில் மலையாளம், மேடையில் தெலுங்கு.

தெலுங்குக் கீர்த்தனையைக் கேட்க ஒரு கைப்பிடி சொல்கிறேன். பல்லவியின் முதல் வரியை ஒரு தடவையோடு விடமாட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கிப் பாடுவார்கள், அதுதான் சங்கதி. தியாகராஜர் கீர்த்தனைகளில் இது தாராளம். அதே சொல்தான், எனவே சொல்லைத் துரத்த வேண்டிய கவலை இல்லை. எங்கே புதிதாக ஒரு வளைவு சேர்ந்தது என்று மட்டும் பாருங்கள். அனுபல்லவியில் குரல் மேல் ஸட்ஜத்தை எட்டும். சரணத்தில் ஏதாவது ஒரு வரியை எடுத்து நிரவல் செய்தால், அதாவது அதையே பல விதமாக விரித்துப் பாடினால், அந்த ஒரே ஒரு வரியின் அர்த்தத்தைப் பக்கத்து மாமியிடம் கேளுங்கள். அர்த்தம் தேவைப்படும் இடம் அதுதான். பாட்டின் கனமான வரியைத்தான் பெரும்பாலும் நிரவலுக்கு எடுப்பார்கள். மாமிக்கும் தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து கேட்கலாம்.

வேகமான பாட்டுகளில் திணறுகிறவர்கள் எம்.டி. ராமநாதனின் பதிவுகளைத் தேடிக் கேட்டுவிட்டு வாருங்கள். இதே ஜில்லாவின் மஞ்ஞப்ராவில் 1923-ல் பிறந்தவர். கீழ்ஸ்தாயியில், அவசரமே இல்லாமல் பாடுவார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நீங்கள் யோசித்து முடித்துவிடலாம். அவர் பாட்டு தூக்கம் வரவழைக்கிறது என்பவர்கள் உண்டு. அவர்களோடு நான் வாதம் செய்வதில்லை.

மிருதங்கம் தனித்து ஒலிக்கும் தனியாவர்த்தனத்தின்போது டீ குடிக்க எழுந்து போகிற கெட்ட பழக்கம் சபாக்காரர்களிடமிருந்து வந்தது. இது மிருதங்க வித்துவான் பாலக்காடு மணி ஐயரின் ஊர்ப் பக்கம், அதை இங்கே செய்யாதீர்கள். அதோடு, மேளத்தில் கை உயர்த்தப் பழகிய உங்களுக்கு அங்கே வேலை இருக்கிறது.

தேர் நாட்களில் கல்பாத்தித் தெருக்களுக்குள் வண்டி போகாது. தூரத்தில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். முன்வரிசை சீக்கிரம் நிரம்பும். முதியவர்களை அழைத்துப்போனால் தெருவோரத் திண்ணைகளில் கேட்டு உட்கார வையுங்கள், மறுக்கமாட்டார்கள். பொள்ளாச்சிப் பக்கம் திரும்புகிறவர்கள் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முக்கிய வித்துவான் மேடையேறுவது பெரும்பாலும் அதற்குச் சற்று முன்னால்தான்.